நகை தந்த பெரியார்: பம்மல் சம்பந்த முதலியாரும் சபாபதி திரை ஏறிய வரலாறும்

ஒரு மரபினரின் சங்கம் வெளியிடும் பத்திரிகையில் அம்மரபிற் பிறந்த பெரியார் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவார்க்கு நேரும் இடர் ஒன்று உண்டு. புகழுரைகளை அடுக்கிக்கொண்டே செல்லுமிடத்து, அப்பெரியார் உண்மையிற் செய்த காரியம் யாது, அதன் அருமை எத்தகையது என்பன மறைந்துபோகின்றன. படிப்பவரோ, நம்மவர் ஒருவர் பெரியவராய் இருந்தார் என்னும் பெருமிதம் ஒன்றையே கைக்கொண்டு பத்திரிகையை மூடி வைத்து விடுகின்றனர். இக்குறை நேராவண்ணம், நாடகப் பேராசிரியர் ராவ்பகதூர் பம்மல் சம்பந்த முதலியார் அவர்களின் வாழ்க்கையை, அவர் இயற்றிய ஒரு சிறு நகைச்சுவை நாடகத்தின் வழியே நோக்குவோம். அந்நாடகத்தில் மூடனாய் விளங்கும் செல்வனுக்கு அவர் சூட்டிய பட்டம் வேறெவருடையதும் அன்று. தம் பெயரோடு தாமே தாங்கியிருந்த முதலியார் என்னும் பட்டமே ஆகும். குலப்பெருமையைப் போற்றுவதற்கென அமைந்த சங்கத்தார் இதனை ஆழ்ந்து நினைத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

பிறப்பும் கல்வியும்

சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தை அடுத்துள்ள பம்மல் என்னும் ஊர் இவருடைய முன்னோரின் ஊராகும். இவர் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார்; தாயார் மாணிக்கவேலு அம்மையார். சென்னையிலேயே பள்ளிக் கல்வி பெற்று, இராஜதானிக் கலாசாலையில் பயின்று, பின்னர்ச் சட்டப் படிப்பிலும் தேறி, வழக்கறிஞராய்த் தொழில் நடத்தினார். 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால்காஸ் கோர்ட்டில் நீதிபதியாய் அமர்ந்திருந்தார். காலையில் நியாயாசனத்தில் வீற்றிருந்து வழக்குத் தீர்த்தவர், மாலையில் முகத்தில் அரிதாரம் பூசி மேடையேறினார் என்றால், அக்காலத்தார் வியப்புற்றிருப்பர் என்பதில் ஐயம் உண்டோ?

இளமையில் அவருக்குத் தமிழ் நாடகங்களின்மீது விருப்பம் இருந்ததில்லை. அந்நாளில் நடிப்பவரைக் கூத்தாடி என்று இழித்துரைப்பது வழக்கம். கற்றவர் நாடகக் கொட்டகைக்குச் செல்லுதலையே கூச்சமாகக் கருதினர். 1891-ஆம் ஆண்டில் பல்லாரி கிருஷ்ணமாசார்லு என்பவர் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்துக் காட்டினார். அவர் பல்லாரியில் வழக்கறிஞராய் இருந்தவர். கற்றறிந்தோர் பொருளாசையின்றி, கலையின்மேல் வைத்த காதலால் மட்டுமே மேடையேறக் கூடும் என்பதைச் சம்பந்த முதலியார் அன்று நேரிற் கண்டார். அக்காட்சியே அவர் வாழ்வைத் திருப்பிற்று. தெலுங்கருக்கு இயன்றது தமிழருக்கு இயலாதோ என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது. அவ்வாண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதியே நண்பர் சிலருடன் கூடி, சுகுண விலாச சபை என்னும் நாடக சபையை நிறுவினார். அப்பொழுது அவருக்கு வயது 18.

சபையின் தொண்டு

சுகுண விலாச சபையார் செய்த தொண்டினை மூன்றாகப் பகுத்துக் கூறலாம். வழக்கறிஞர், உத்தியோகஸ்தர், கல்லூரி மாணவர் ஆகியோரை மேடையேற்றி, நடிப்பு என்பது நாணத்தக்க தொழில் அன்று என உலகறியச் செய்தது முதலாவது. தேச பக்தர் சத்தியமூர்த்தி அவர்களும் இச்சபையில் வேடம் புனைந்தவரே. இரவு முழுதும் நீண்டுகொண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்தில் அடக்கி, குறித்த வேளையில் தொடங்கிக் குறித்த வேளையில் முடித்தது இரண்டாவது. பாட்டுக்களே மிகுந்து நின்ற மேடையில் உரைநடைப் பேச்சுக்கு முதன்மை தந்தது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் வேண்டுவது. ஏனெனில், பேச்சின் நயத்தால் நகைப்பூட்டும் நாடகம், பேச்சுக்கு இடம் தந்த மேடையிலன்றி வேறெங்கும் தழைக்கமாட்டாது.

சம்பந்த முதலியார் இயற்றிய நாடகங்கள் 90-க்கும் மேற்பட்டவை. லீலாவதி சுலோசனா, மனோகரா முதலியன அவர் இளமையிலேயே எழுதிப் புகழ் பெற்றவை. ஷேக்ஸ்பியர் மகாகவியின் ஹாம்லெட்டை அமலாதித்தியன் என்றும், வெனிஸ் வணிகனை வாணீபுர வணிகன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும் தமிழ்ப்படுத்தினார். பிரெஞ்சு நாடகாசிரியராகிய மோலியரின் நகைச்சுவை நாடகம் ஒன்றைக் காளப்பன் கள்ளத்தனம் என்னும் பெயரால் நம் நாட்டுக் கதையாகவே ஆக்கினார்.

இப்பெயர்களை நோக்குமின். ஓசையால் மூலப் பெயரை நினைவூட்டுவனவாயும், கேட்ட மாத்திரத்தில் தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றாதனவாயும் அவை அமைந்துள்ளன. ஒரு நிலத்து நாற்றைப் பறித்து மற்றொரு நிலத்தில் நடுவோன், வேரைக் காத்துக்கொண்டு பழைய மண்ணை உதறிவிடுகிறான். நாடகத்தை ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்குக் கொண்டுவரும் இவ்வித்தையை முதலியார் நெடுங்காலம் பயின்றிருந்தார். ஆதலின், தம் நாடகமே மேடையிலிருந்து பறிக்கப்பட்டுத் திரையில் நடப்படும் காலம் வந்தபோது, வேர் எது, மண் எது எனப் பகுத்தறிய வல்லவர் அவரினும் பிறர் இலர்.

சபாபதி என்னும் இருவர்

மன்னரையும் இளவரசரையும் பாத்திரங்களாகக் கொண்டு எழுதிய கைகளே, சென்னை வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அன்றாடம் நிகழும் வேடிக்கைகளையும் எழுதின. அவற்றுள் தலையாயது சபாபதி. பேசும்படம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது மேடையில் புகழ் பெற்றிருந்தது. ஒரு நாடகத்தோடு நில்லாமல், அதே பாத்திரங்களை வைத்துப் பல பாகங்களாகவும் அவர் அதனை வளர்த்தெடுத்தார்.

கதையின் அடிப்படை மிக எளியது. சபாபதி முதலியார் என்பவர் ஒரு செல்வர். நல்ல மனமுடையவர், கூரிய அறிவு மட்டும் இல்லாதவர். அவரிடம் வேலை செய்பவன் பெயரும் சபாபதியே. அறிவில் எசமானரை ஒத்தவன். எசமானர் இட்ட கட்டளையை வேலைக்காரன் தனக்குத் தோன்றியவாறு பொருள் கொள்வான். அவன் செய்து வைத்த காரியத்தைக் கண்டு எசமானர் சினங்கொள்வார். சினத்தில் மற்றொரு கட்டளை பிறக்கும். அது முன்னையதினும் பெருங் குழப்பத்தில் முடியும். கேட்போர் வயிறு குலுங்க நகைப்பர்.

ஆயினும் அந்நகைப்பினுள்ளே ஒரு நுண்பொருள் உறைகின்றது. இருவருக்கும் ஒரே பெயரை ஏன் சூட்டினார்? செல்வத்தையும் பட்டத்தையும் ஆடை அணிகளையும் நீக்கிவிட்டால், திண்ணைமேல் சாய்ந்திருப்பவனுக்கும் திண்ணையின்கீழ் நிற்பவனுக்கும் வேற்றுமை யாது என்னும் வினாவே அது என்று நாம் கருதுகிறோம். அறியாமை ஏழையின் குடிசையில் மட்டும் வாழ்வதன்று. அது மாடி வீட்டிலும் குடியிருக்கும். அங்கே பணத்தின் நிழலில் ஒளிந்திருக்கும். வேலைக்காரனின் மடமை உடனே வெளிப்படுகிறது. எசமானரின் மடமையை மறைக்கப் பலர் காத்திருக்கின்றனர். அத்திரையை விலக்கி இருவரையும் ஒரே விளக்கொளியில் நிறுத்தியதே இந்நாடகத்தின் வெற்றி.

அன்றியும், பிற குலத்தாரை மூடராக்கி நகைப்பது எளிது. அந்நகைப்பு விரைவில் பகையாகவும் மாறும். தம் இனத்துச் செல்வரையே நகைக்கு இலக்காக்கியதால், எவரும் சினங்கொள்வதற்கு இடமின்றிப் போயிற்று. பிறரும் தத்தம் வீட்டுச் சபாபதிகளை அதிற் கண்டு மனமாரச் சிரித்தனர்.

பேசும்படத்தின் வருகை

1931-ஆம் ஆண்டில் காளிதாஸ் வெளிவந்தது முதல் தமிழ்ப் பேசும்படங்கள் பெருகலாயின. அவற்றுக்கு வேண்டிய கதைகளை மேடையே தந்தது. 1932-இல் வெளிவந்த காலவா, முதலியாரின் காலவ ரிஷி நாடகத்தைத் தழுவியது. மேடையில் தழைத்த பெரியோர் பலர் இப்புதுக் கலையை இகழ்ந்து ஒதுங்கிய காலத்தில், முதலியார் ஒதுங்கவில்லை. 1936-இல் மனோகரா படமாக்கப்பட்டபோது, இளமையில் தாம் மேடையில் தாங்கிய மனோகரன் வேடத்தை மற்றொருவருக்கு விட்டு, அரசனாகிய தந்தையின் வேடத்தை அறுபது கடந்த வயதில் தாமே தாங்கினார். இத்துறையிற் கண்டறிந்தவற்றைப் பேசும்பட அனுபவங்கள் என்னும் நூலாகவும் எழுதி வைத்தார். சபாபதி முதலியாரும் பேசும்படமும் எனத் தம் பழைய மூடனைப் புதிய கலையோடு சேர்த்து ஒரு வேடிக்கை நாடகமும் இயற்றினார். புதியதைக் கண்டு அஞ்சாமலும், அதற்கு அடிமையாகாமலும், அதனையும் நகைத்துப் பார்க்கத் துணிந்த உள்ளம் அவருடையது.

நகைச்சுவை நாடகத்தைப் படமாக்குவதிலுள்ள இடர்கள்

சோக நாடகத்தைப் படமாக்குவதினும் நகைச்சுவை நாடகத்தைப் படமாக்குதல் கடினமாகும். அதன் காரணங்களை நம் அன்பர்கள் அறிந்து கொள்ளுதல் நன்று.

முதலாவது, மேடையில் நடிப்பவன் சபையோரின் சிரிப்பைக் கேட்டு நடிக்கிறான். சிரிப்பு எழும்போது நிறுத்துகிறான். அடங்கும் தறுவாயில் அடுத்த சொல்லை விடுக்கிறான். படப்பிடிப்பு நிலையத்திலோ சிரிப்பவர் ஒருவரும் இலர். ஒலிப்பதிவின்பொருட்டு யாவரும் வாய்மூடி நிற்பர். எங்கே எத்துணை நேரம் நிறுத்துவது என்பதை நடிகன் தன் பழக்கத்தாலேயே ஊகித்தல் வேண்டும். குறைவாக நிறுத்தினால் அடுத்த வேடிக்கைச் சொல் கொட்டகையின் ஆரவாரத்தில் மூழ்கிவிடும். மிகுதியாக நிறுத்தினால் படம் தூங்கிவிடும்.

இரண்டாவது, பிரஹசனம் என்பது சிறு நேரத்துக்கு உரியது. ஒரு வேடிக்கையின் மேல் மற்றொன்றாக அடுக்கிச் செல்வதே அதன் இயல்பு. அதற்குத் தொடர்ந்த கதை வேண்டுவதில்லை. அந்நாளையப் படமோ பல மணி நேரம் ஓட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரத்துக்கு மக்களை அமர்த்தி வைப்பதற்குக் கதை வளர்ச்சியும், பாத்திரங்களின் நிலையில் மாறுதலும் இன்றியமையாதன.

மூன்றாவது, மேடையில் தூரத்திலிருந்து காண்பவர்க்காகப் பெருக்கிக் காட்டிய முகபாவம், திரையில் அண்மையிற் காட்டப்படும்போது மிகையாகித் தோன்றும். மேடையில் சபையோர் கண்டும் காணாது விட்ட பொய்ம்மைகளும் திரையில் வெளிப்பட்டுவிடும். சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆடவரே தாங்கினர். ரங்கவடிவேலு அவர்கள் முதலியாருக்கு இணையாகப் பன்னெடுங்காலம் பெண் வேடம் பூண்டு புகழ் பெற்றதை அந்நாளையோர் போற்றினர். ஆயின், வீட்டுக் கூடத்தில் நிகழும் ஓர் இயல்பான கதையைத் திரையிற் காட்டுங்கால் அம்முறை செல்லாது.

சபாபதி படமான வரலாறு

இவ்விடர்கள் யாவற்றையும் தாண்டிச் சபாபதியைப் படமாக்க முன்வந்தவர் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் அவர்கள். அவர் பின்னாளில் தம் பெயர் முதலெழுத்துக்களால் ஏவிஎம் என வழங்கும் படநிலையத்தை நிறுவியவர். அக்காலத்தில் பிரகதி என்னும் பெயரால் படங்கள் எடுத்து வந்தார். அவரும் ஏ.டி.கிருஷ்ணசாமி அவர்களும் சேர்ந்து இப்படத்தை இயக்கினர். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் தேதி அது வெளிவந்தது.

எசமானச் சபாபதியாக டி.ஆர்.ராமச்சந்திரனும், வேலைக்காரச் சபாபதியாகக் காளி என்.ரத்தினமும் நடித்தனர். கே.சாரங்கபாணி தமிழாசிரியராகத் தோன்றினார். எசமானின் மனைவியாக, லக்ஸ் சோப்பு விளம்பரத்தால் பெயர் பெற்றிருந்த பத்மாவும், வேலைக்காரனின் மனைவியாகச் சி.டி.ராஜகாந்தமும் நடித்தனர்.

இவ்விடத்தில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தொழில்முறை நாடகக் கம்பெனிகளின் போக்கினின்றும் வேறாக நிற்பதற்கென்றே கற்றவர்களால் நிறுவப்பட்டது முதலியாரின் சபை. ஆனால் அச்சபையில் பிறந்த நாடகம் திரைக்கு வந்தபோது, அதற்கு உயிரூட்டியவர்களுள் முதன்மையானோர் நாடகக் கம்பெனிகளிலேயே வளர்ந்து, பசியும் பட்டினியும் அறிந்து, நாள்தோறும் மேடையேறிப் பயின்ற நடிகர்களே. ரத்தினம், கோவலன் நாடகத்தில் காளியாகத் தோன்றிய சிறப்பினால் காளி என்னும் அடைமொழி பெற்றவர். நாடகக் கம்பெனியில் இளைஞர் பலருக்கு நடிப்புக் கற்பித்தவர். சிரிப்பவர் ஒருவரும் இல்லாத படநிலையத்தில், சிரிப்பு எங்கே எழும், எங்கே அடங்கும் என்று துல்லியமாக உணரும் ஆற்றலை அவருக்கு அப்பயிற்சியே தந்தது. முன்னர்க் கூறிய முதல் இடர் இவ்வாறு நீங்கிற்று. கற்றவரின் எழுத்தும் தொழிலாளரின் பயிற்சியும் கைகோத்தமையே இப்படத்தின் சிறப்பு. ஒன்று மற்றொன்றை இழிவாக எண்ணியிருப்பின், இப்படம் உருவாகியிராது.

இரண்டாவது இடரை நீக்கக் கதையை வளர்த்தனர். திரையிலுள்ள எசமானச் சபாபதி பள்ளித் தேர்வில் மீண்டும் மீண்டும் தவறும் இளைஞன். படிப்பிற் கருத்தின்றித் தமிழாசிரியரோடு விளையாடிப் பொழுது போக்குகிறான். அவனுக்குக் கற்றறிந்த பெண் ஒருத்தி மனைவியாக வாய்க்கிறாள். அவள் தன் கணவனை இகழ்ந்து பேசாமலும், அவன் மடமைக்குத் தலைவணங்கி வாளா இராமலும், தானே ஆசிரியையாகி அவனுக்குப் பாடம் கற்பித்துத் தேர்வில் தேறச் செய்கிறாள். வேலைக்காரச் சபாபதியும் அவ்வீட்டுப் பணிப்பெண்ணை மணந்து கொள்கிறான். எசமானர் வாழ்வில் நிகழ்வன யாவும் வேலைக்காரன் வாழ்விலும் வேறொரு வகையில் எதிரொலிக்கின்றன. இருவருக்கும் ஒரே பெயர் வைத்த மூலக் கருத்தே விரிந்து இரட்டைக் கதையாயிற்று. தனித்தனி வேடிக்கைகளாய் நின்றவை இப்பொழுது ஒரு நூலிற் கோத்த மணிகளாயின.

மூன்றாவது இடரும் இவ்வாறே தீர்ந்தது. பெண் வேடங்களைப் பெண்டிரே ஏற்றனர். ராமச்சந்திரன் தம் உருண்ட கண்களை விழித்து நோக்கும் ஒரு பார்வையே, மேடையிற் பத்து வாக்கியங்கள் செய்யும் வேலையைத் திரையிற் செய்தது. பேச்சும், மாந்தர் வீட்டிற் பேசும் பேச்சாகவே அமைந்தது.

எனவே, மாறியவை பல: நீளம் மாறிற்று, கதைப் போக்கு மாறிற்று, நடிப்பின் அளவு மாறிற்று. மாறாதது ஒன்று: ஒரே பெயருடைய இருவர், ஒரே அறியாமை, ஒருவனுக்கு மட்டும் செல்வம். அந்த வேர் அறுபடாமையால் பயிர் புது நிலத்திலும் தழைத்தது.

போர்க்காலத்தில் ஒரு நகைப்பு

படம் வெளிவந்த வேளையையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7-ஆம் தேதி ஜப்பானியர் அமெரிக்கரின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கினர்; போர் கீழ்த்திசைக்கும் பரவிற்று. சரியாக ஒரு வாரம் கழித்துச் சபாபதி திரையிடப்பட்டது. வங்கக் கடல் வழியே குண்டு வீச்சு நேருமோ என்னும் அச்சம் சென்னையைப் பற்றிக்கொண்டது. 1942-ஆம் ஆண்டில் குடும்பம் குடும்பமாக மக்கள் நகரை விட்டு வெளியேறினர். விளக்குகள் மறைக்கப்பட்ட அந்நாட்களில் ஒரு வேடிக்கைப் படத்தை யார் சென்று காண்பர் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆயின் மக்கள் சென்றனர். படம் வெற்றி பெற்றது. அச்சம் மிகுந்த காலத்தில் மனிதனுக்கு நகைப்பும் உணவைப்போல் வேண்டப்படுகிறது போலும்!

அதே 1941-ஆம் ஆண்டில் முதலியாரின் மற்றொரு வேடிக்கை நாடகமாகிய சந்திரஹரியும் சிறு படமாக வந்தது. பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத ஒருவனைத் தலைவனாகக் கொண்ட கதை அது. என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் அதில் நடித்தனர். அக்கதையை நீட்டி முழுப்படமாக்க முயலாமல், சிறுபடமாகவே நிறுத்தினர். ஒரு வேடிக்கையை எவ்வளவு நீட்டலாம், எதனை நீட்டலாகாது என்று அறிவதும் இத்துறையின் நுட்பங்களுள் ஒன்றாம்.

1948-இல் வேதாள உலகம் படமாயிற்று. 1954-இல் மனோகரா மீண்டும் படமாகிச் சிவாஜி கணேசன் அவர்கள் நடிப்பாலும் மு.கருணாநிதி அவர்கள் தீட்டிய வசனத்தாலும் தமிழகமெங்கும் முழங்கிற்று. அம்மனோகராவில் கதை முதலியாருடையது. மக்கள் மனப்பாடம் செய்த வசனமோ புதிய தலைமுறையினுடையது. வீர நாடகம் அவ்வப்போது புத்தாடை புனைந்து வரவேண்டியுள்ளது. காலத்துக்குக் காலம் வீரத்தின் மொழி வேறாகிறது. மடமைக்கோ மொழி மாறுவதில்லை. சபாபதியின் குழப்பங்களைக் காணும் இக்காலத்துச் சிறுவரும் உரை வேண்டாமலே சிரிக்கின்றனர்.

நமக்கு உரிய பாடம்

இனி, இச்சரிதத்தால் நம் சங்கத்தார் கொள்ளத்தக்கது யாது? குலப்பெருமை பேசும் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் நம்மைப் பற்றிப் பிறர் நகைப்பரோ என்றே அஞ்சுகிறோம். ஒரு நாடகத்தில், ஒரு படத்தில், ஒரு கதையில் நம்மவர் பட்டம் தாங்கிய பாத்திரம் சற்றே குறைவுபடக் காணப்பட்டால், கண்டனத் தீர்மானம் நிறைவேற்ற விரைகிறோம். அவ்வாறு விரையும்முன், நம்முள் தலைசிறந்த நாடகாசிரியர், நீதிபதியாய் வீற்றிருந்தவர், தம் பட்டத்தையே ஒரு மூடன் தலையில் சூட்டி ஊர் நடுவே நிறுத்தினார் என்பதை நினைத்தல் வேண்டும். அதனால் நம் மரபினரின் மதிப்புக் குறைந்ததோ? இல்லை. தம் குறையைத் தாமே கண்டு நகைக்க வல்லவர் இவர்கள் என்னும் நன்மதிப்பே கிடைத்தது. பிறர் நகைக்கும்முன் தானே நகைப்பவனை எவரும் இழிவுபடுத்த இயலாது.

மற்றொன்றும் உண்டு. திரையில் அச்செல்வ இளைஞனைக் கடைத்தேற்றியது அவன் தந்தையின் பொருள் அன்று; குலப்பட்டமும் அன்று. அவன் மனைவியின் கல்வியே அவனைக் கரையேற்றிற்று. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட வீடுகள் மிகுந்திருந்த காலத்தில், கொட்டகை நிறைந்த மக்கள் சிரித்துக்கொண்டே கற்ற பாடம் இது. மேடைப் பிரசங்கத்தால் முகஞ் சுளித்துக் கேட்பவரும், நகைச்சுவையால் தம்மையறியாமல் ஏற்றுக்கொள்வர். இன்றும் திருமணம் பேசும்போது பொருளையும் பட்டத்தையும் முன்வைத்து, மணமகளின் படிப்பைப் பின்னுக்குத் தள்ளும் குடும்பத்தார், சபாபதியின் வீட்டை ஒருமுறை எட்டிப் பார்ப்பாராக.

இறுதி நாட்கள்

சம்பந்த முதலியார் தம் அனுபவங்களை நாடக மேடை நினைவுகள் என ஆறு பாகங்களாக எழுதி வைத்தார். தம் வாழ்க்கை வரலாற்றையும் தனி நூலாக்கினார். சிவாலயங்களைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். இந்திய அரசினர் 1959-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தனர். 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ஆம் தேதி, தம் 91-ஆம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். தெருக்கூத்தின் காலத்தில் பிறந்து, கொட்டகை நாடகம், ஊமைப்படம், பேசும்படம் என்னும் யாவற்றையும் கண்டு, ஒவ்வொன்றிலும் தம் கைவண்ணத்தைப் பதித்துச் சென்ற நிறைவாழ்வு அவருடையது. அவர் நூல்களைத் தமிழக அரசினர் நாட்டுடைமை ஆக்கியுள்ளனர்; ஆகவே எவரும் அவற்றை எளிதிற் பெற்றுப் படிக்கலாம்.

நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் பெரியாரின் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டுவதோடு நின்றுவிடாமல், அவருடைய வேடிக்கை நாடகங்களுள் ஒன்றை நம் இளைஞரும் சிறுமியரும் நடித்துக் காட்டுவாராயின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும். நடிக்குங்கால் எசமானச் சபாபதியின் வேடத்தைச் சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவரே ஏற்றுக்கொள்வது மிகவும் பொருத்தமாம். அன்று அரங்கத்தில் எழும் சிரிப்பு, எத்தனை புகழுரைகளினும் அவர் ஆன்மாவுக்கு உவப்பளிப்பதாகும் என்பது நம் துணிபு.